சாவா மூவாப் பேராடு முதல் சாம்பிள் சர்வே வரை: வணிகக் கணக்குகள் வந்த வழி

டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு என்று எந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்களை எடுத்துக்கொண்டாலும், பி.காம்., பி.பி.ஏ., சி.ஏ. என்று வணிகம் படிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளைகளின் மேசையில் இரண்டு தடித்த புத்தகங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று நிதி மேலாண்மை, மற்றொன்று வணிகப் புள்ளியியல். முதல் புத்தகம், "ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு லட்சம் ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன?" என்று கேட்கும். இரண்டாவது புத்தகம், "25 பல்புகளைச் சோதித்துப் பார்த்தோம், மொத்தச் சரக்கைப் பற்றி என்ன சொல்லலாம்?" என்று கேட்கும். பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து, எண்களை உரிய இடத்தில் போட்டு, விடையை எழுதிவிடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் புரட்டிக் கேட்டுவிட்டால் முழிக்கிறார்கள்.

இது அவர்கள் குற்றமன்று. இந்தக் கணக்குகள் எங்கிருந்து வந்தன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மாணவர்களை வதைப்பதற்கென்றே யாரோ ஒரு வாத்தியார் உட்கார்ந்து யோசித்த கணக்குகள் அல்ல இவை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மனிதனின் நிஜமான சிக்கலாக இருந்தது. அந்தச் சிக்கல்களைத் தொகுத்துப் பார்த்தால் அடியில் மூன்றே கேள்விகள்தான் மிஞ்சும். பணம் எப்போது கைக்கு வரும்? அது வருவது எவ்வளவு நிச்சயம்? வராமல் போனால் நஷ்டம் யார் தலையில்? இந்த மூன்று கேள்விகளும் நடந்து வந்த பாதையைச் சுருக்கமாகக் காண்போம்.

அணையா விளக்கின் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்தே தொடங்கலாம். கி.பி. 1010-ல் முடிசூட்டப்பெற்ற அந்தக் கோயிலின் சுவர்க் கல்வெட்டுகள், சிற்பப் பெருமையோடு சேர்த்து ஒரு பெரிய கணக்குப் புத்தகமாகவும் விளங்குகின்றன. அறக்கட்டளைப் பணத்தைக் கோயில் சும்மா வைத்திருக்கவில்லை. ஊர்ச்சபைகளிடம் முதலாகக் கொடுத்து, ஆண்டுதோறும் 'பொலிசை', அதாவது வட்டி, பெற்றது. கல்வெட்டுகளில் காணப்படும் விகிதம், ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இன்றைய கணக்கில் 12.5 சதவீதம்.

இப்போது பாடநூலுக்கு வருவோம். "ஆண்டுக்கு 5,000 ரூபாய் முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வட்டி 12.5 சதவீதம். இன்று எவ்வளவு முதல் தேவை?" இதற்கு 'பெர்பெச்சூட்டி' என்று பெயர் கொடுத்து, ஆண்டு வருமானத்தை வட்டி விகிதத்தால் வகுக்கச் சொல்வார்கள். 5,000-ஐ 0.125-ஆல் வகுத்தால் 40,000. சோழர் காலத்துக் கணக்கருக்கு இந்தச் சூத்திரம் தேவைப்பட்டிருக்காது. அரைக்கால் வட்டி என்றால் ஆண்டுச் செலவைப் போல எட்டு மடங்கு முதல் வேண்டும். ஆண்டுக்குப் பத்துக் காசு செலவாகும் திருப்பணியா? எண்பது காசு கொண்டு வா. அவ்வளவுதான் விஷயம். முதலைத் தொடாதே, விளைச்சலை மட்டும் செலவழி என்பதே சந்திர சூரியர் உள்ளவரை நடக்க வேண்டிய தர்மத்தின் நிதித் தத்துவம்.

இதைவிட அழகான ஏற்பாடு ஆட்டுக்கணக்கு. ஒரு நந்தா விளக்குக்குத் தஞ்சையில் 96 ஆடுகள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. எந்த ஆடு சாகாது? எந்த ஆடு மூப்படையாது? நிஜ ஆடுகள் சாகும், குட்டி போடும். கணக்கில் உள்ள 96 மட்டும் சாகாது, மூக்காது. மந்தை நோயில் குறைந்தாலும் அளக்க வேண்டிய நெய் குறையாது. நம் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே விடை கிடைக்கிறது. நஷ்டம் இடையர் தலையில். கோயிலுக்கு வருமானம் நிச்சயம். இன்னொரு நுட்பமும் உண்டு. காசாகத் தராமல் நெய்யாகத் தரச் சொன்னதால், விலைவாசி ஏறினாலும் விளக்குக்கு உரிய நெய் குறையாது. பணவீக்கத்திலிருந்து தப்பிக்கும் வழியைப் பாடநூல்கள் பிற்பகுதி அத்தியாயம் ஒன்றில்தான் சொல்லும்.

ஆபத்துக்கு ஏற்ற வட்டி

வட்டி ஏன் ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி? இதற்கு விடை கௌடிலியரின் அர்த்த சாஸ்திரத்தில் தெளிவாக இருக்கிறது. நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் என்பது நியாயமான வட்டி. வியாபாரக் கடனுக்கு மாதம் ஐந்து. காட்டு வழியாகச் சரக்கு கொண்டு போகிறவருக்குப் பத்து. கடல் கடந்து போகிறவருக்கு இருபது!

கேட்டால் அநியாயம் என்றுதான் தோணும். ஆனால் படிப்படியாக ஏறுகிற ஒழுங்கைப் பாருங்கள். காட்டில் கள்வர் உண்டு; கடலில் புயல் உண்டு. கப்பல் மூழ்கினால் முதலும் போச்சு, வட்டியும் போச்சு. ஆகவே திரும்பி வருகிற கப்பல்களின் வட்டி, திரும்பாத கப்பல்களின் நஷ்டத்தையும் சேர்த்தே ஈடுகட்ட வேண்டும். இன்றைய நிதிப் பாடத்தில் 'ரிஸ்க் பிரீமியம்' என்று நாலு பக்கத்துக்கு விளக்குகிற விஷயத்தின் வித்து இந்த நாலு எண்களில் அடங்கியிருக்கிறது.

ஆரியபடர் காட்டிய வழி

கி.பி. 499-ல் ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்தில் வட்டிக் கணக்குக்கு ஒரு விதி இருக்கிறது. அதற்கு 629-ல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர், உதாரணமாக ஒரு கணக்குத் தருகிறார். நூறு பணத்துக்கு ஒரு மாத வட்டி எவ்வளவு என்று தெரியாது. அந்த ஒரு மாத வட்டியை அதே விகிதத்தில் நான்கு மாதத்துக்கு மறுபடியும் கடனாகக் கொடுத்தபோது, வட்டியும் வட்டிக்கு வட்டியும் சேர்ந்து ஆறு பணம் ஆயிற்று. மாத வட்டி என்ன?

ஆரியபடர் விதிப்படி செய்து பார்ப்போம். முதல் 100, கிடைத்த தொகை 6, காலம் 4. மூன்றையும் பெருக்கினால் 2,400. முதலில் பாதி 50, அதன் வர்க்கம் 2,500. இரண்டையும் கூட்டினால் 4,900. அதன் வர்க்கமூலம் 70. அதில் 50 கழித்தால் 20. நான்கால் வகுத்தால் 5. விடை: மாத வட்டி ஐந்து பணம். சரிபார்ப்பதும் சுலபம். ஐந்து பணத்துக்கு அதே விகிதத்தில் மாதம் கால் பணம் வட்டி. நான்கு மாதத்தில் ஒரு பணம். ஐந்தும் ஒன்றும் ஆறு.

பள்ளியில் 'இருபடிச் சமன்பாடு' என்று பயமுறுத்துகிறார்களே, அது இங்கே ஒரு கடன்காரன் வீட்டுக் கணக்காக நிற்கிறது. கொடுத்த பணமும் கிடைத்த பணமும் தெரியும், நடுவில் ஒளிந்திருக்கும் விகிதம் தெரியாது. இன்றைய மாணவர்கள் 'இன்டர்னல் ரேட் ஆஃப் ரிட்டர்ன்' என்று கால்குலேட்டரைத் தட்டித் தேடுவதும் இதே ஒளிந்த விகிதத்தைத்தான்.

பைசா நகரத்துப் படைவீரன்

இந்திய எண்கள் அரபு நாடுகள் வழியாக மேற்கே போனதை அறிவோம். வட ஆப்பிரிக்கத் துறைமுகமான புகியாவில் இளமையில் அந்த எண்களைக் கற்ற பைசா நகரத்து லியனார்டோ, நாம் ஃபிபோனாச்சி என்று அறிந்தவர், 1202-ல் 'லிபர் அபாச்சி' என்ற பெரிய கணக்கு நூலை எழுதினார். அதில் ஒரு படைவீரன் வருகிறான். அரசன் அவனுக்கு ஆண்டுக்கு 300 பெசாண்ட் மானியம் தருகிறான், மூன்று மாதத்துக்கு 75 வீதம். பிறகு அரசன் மனம் மாறி, முந்நூறையும் ஆண்டு முடிவில் ஒரே தவணையாகத் தருகிறேன் என்கிறான். வீரனால் தன் பணத்தை நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டிக்கு விட முடியும். அவனுக்கு எவ்வளவு நஷ்டம்?

மேலோட்டமாகப் பார்த்தால் நஷ்டமே இல்லை. அதே முந்நூறுதானே? இங்கேதான் முதல் கேள்வி எழுகிறது: எப்போது? மாதம் இரண்டு என்றால் மூன்று மாதத்துக்கு ஆறு சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலில் சேர்த்துக் கணக்கிடலாம். முதல் 75-இன் இன்றைய மதிப்பு 70.75, இரண்டாவது 66.75, மூன்றாவது 62.97, நான்காவது 59.41. மொத்தம் சுமார் 259.9. ஆண்டு முடிவில் வரும் 300-இன் இன்றைய மதிப்போ 237.6 மட்டுமே. ஆக வீரனுக்கு ஏறத்தாழ 22 பெசாண்ட் நஷ்டம். எழுதப்பட்ட தொகை மாறவில்லை, ஆனால் பை இளைத்துவிட்டது. 'பிரசென்ட் வேல்யூ' என்பதன் முழு உயிரும் இந்தக் கதையில் இருக்கிறது.

ரகசியமும் ஆயுளும்

இத்தகைய கணக்குகளுக்கான கூட்டுவட்டி அட்டவணைகளை ஐரோப்பிய வங்கிக்காரர்கள் வெகுகாலம் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். 1582-ல் சைமன் ஸ்டீவின் என்ற கணித அறிஞர் ஆண்ட்வெர்ப் நகரில் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார். கணக்குத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையே இருந்த சுவரில் ஒரு கதவு திறந்தது.

அடுத்த பெரிய அடியை வைத்தவர் வால்நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த எட்மண்ட் ஹாலி. அக்காலத்தில் இங்கிலாந்து அரசு, ஒரு தொகை கட்டியவருக்கு ஆயுள் முழுதும் ஆண்டுத்தொகை தரும் திட்டத்தை வயது பார்க்காமல் ஒரே விலைக்கு விற்றது. பத்து வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுக் கிழவருக்கும் ஒரே விலை! பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஹாலி 1693-ல் ஓர் ஆயுள் அட்டவணை வெளியிட்டார். அதன்படி 40 வயதில் 445 பேர் உயிரோடு இருந்தால், 60 வயதில் 242 பேர் இருப்பார்கள்.

நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு, அறுபதில் உயிரோடு இருந்தால் நூறு பவுன் தருவதாக வாக்குக் கொடுத்தால் இன்று என்ன விலை? ஹாலி எடுத்துக்கொண்ட ஆறு சதவீத வட்டியில், இருபது ஆண்டு கழித்து வரும் நூறுக்கு இன்றைய மதிப்பு 31.18. உயிரோடு இருக்கும் வாய்ப்பு 242/445, அதாவது சுமார் 0.544. பெருக்கினால் ஏறத்தாழ 17 பவுன். 'எப்போது' என்ற கேள்வியும் 'எவ்வளவு நிச்சயம்' என்ற கேள்வியும் இந்த ஒரு பெருக்கலில் கைகோத்துக்கொண்டன. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் எல்.ஐ.சி. பாலிசிப் பத்திரத்துக்குப் பின்னாலும் இந்தப் பெருக்கல்தான் நிற்கிறது.

பார்லியும் சணலும்

புள்ளியியல் புத்தகத்தில் 'ஸ்டூடண்ட்ஸ் டி' என்று ஒரு அட்டவணை வரும். அது யாரோ மாணவனுடையது என்று நினைப்பவர்கள் உண்டு. அயர்லாந்தின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட்டின் புனைபெயர் அது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சி வெளியிட ஆலை அனுமதிக்காததால், 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்று போட்டு எழுதினார். அவர் சிக்கல் இதுதான்: பார்லியை ஆயிரம் தடவை சோதிக்க வசதி இல்லை, நாலைந்து தடவைதான் முடியும். நாலைந்து சோதனையின் சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நிறையத் தரவு இருந்தால், 95 சதவீத உறுதிக்குப் பிழை அளவைப் போல 1.96 மடங்கு விட்டுப் பிடித்தால் போதும். ஐந்தே சோதனை என்றால் 2.776 மடங்கு விட வேண்டும் என்று அவர் அட்டவணை சொல்கிறது. குறைவாகத் தெரிந்தவன் அதிகமாகத் தயங்க வேண்டும் என்பதே இதன் சாரம். பரீட்சையில் எந்த அட்டவணையைப் பார்ப்பது என்று குழம்பும் பிள்ளைக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

இதே நூற்றாண்டில் கல்கத்தாவில் ஒரு பெரிய வேலை நடந்தது. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 முதல் வங்காளத்தின் சணல் சாகுபடியை அளக்கும் மாதிரி ஆய்வுகளை நடத்தினார். எல்லா வயலையும் அளப்பதென்றால் பணமும் ஆளும் போதாது. சில துண்டு நிலங்களை எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல் குலுக்கல் முறையில் தேர்ந்து அளந்தால் போதும் என்பது அவர் கொள்கை. அதிலும் ஒரு தந்திரம் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, இரண்டு தனிக் குழுக்களை அனுப்பினார். இரண்டு விடையும் ஒத்து வராவிட்டால் எங்கோ தவறு என்று தெரிந்துவிடும். 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கு அடித்தளம் இதுவே.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. பானை முழுக்க ஒரே சூடு பரவியிருக்க வேண்டும். அடிப்பிடித்த பானையில் மேலே உள்ள சோற்றைப் பார்த்துப் பதம் சொன்னால் ஏமாற வேண்டியதுதான். பானை பெரிதா சிறிதா என்பது பெரிய விஷயமன்று. எடுத்த சோறு பாரபட்சமில்லாமல் எடுக்கப்பட்டதா, எத்தனை எடுத்தோம் என்பதே விஷயம். பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும்.

மகலனோபிஸ் நிறுவனத்துக்கும் நமக்கும் ஒரு பெருமைக்குரிய தொடர்பு உண்டு. சென்னையில் பிறந்து, அங்கே பிரசிடென்சி கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், சொந்த மாநிலத்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து சி.ஆர். ராவிடம் ஆராய்ச்சி செய்து 1963-ல் டாக்டர் பட்டம் பெற்றார். நிகழ்தகவுத் துறையில் அரிதான நிகழ்வுகளைப் பற்றிய அவர் பணிக்கு 2007-ல் ஏபெல் பரிசு கிடைத்தது.

ஒரே கூடையில் வைத்த முட்டைகள்

நிதியும் புள்ளியியலும் ஒரே வகுப்பறைக்கு வந்தது 1952-ல். ஹாரி மார்கோவிட்ஸ் அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரை, முதலீட்டின் சராசரி வருமானத்தை மட்டும் பார்க்காதே, அதன் ஏற்ற இறக்கத்தையும் பார், ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து அசைகின்றன என்பதையும் பார் என்றது. 1990-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு தரப்பட்டது.

எளிய உதாரணம்: குடைக் கம்பெனிப் பங்கு, மழை பெய்தால் 32 சதவீதம் லாபம், பொய்த்தால் 8 சதவீதம் நஷ்டம். ஐஸ்கிரீம் கம்பெனிக்கு நேர் எதிர். மழைக்கும் வெயிலுக்கும் சம வாய்ப்பு. இரண்டுக்கும் சராசரி 12, திட்ட விலக்கம் 20. பாதிப் பாதியாகப் போட்டால்? மழையோ வெயிலோ, எப்போதும் 12. திட்ட விலக்கம் பூஜ்யம்.

இதன் மறுபக்கத்தைத் தமிழர் வரலாற்றிலேயே பார்க்கலாம். பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார், கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்குக் கடன் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பலருக்குக் கொடுத்ததால் பத்திரம் என்றே தோன்றும். ஆனால் வாங்கிய அத்தனை பேரின் பிழைப்பும் ஒரே ஒரு நெல் விலையில் தொங்கிக்கொண்டிருந்தது. 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் கடன் கட்ட முடியாமல் போனார்கள். கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-ல் நிலத்தில் 6 சதவீதம் நகரத்தார் கையில் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். கைக்கு வரவேண்டிய ரொக்கம் விற்க முடியாத நிலமாக மாறி நின்றது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபமும் கூடவே வளர்ந்தது. 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பில் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கால்நடையாகத் திரும்பினார்கள். கடன் எத்தனை பேருக்கு என்பதைவிட, அவர்கள் எல்லோரும் சேர்ந்து விழுவார்களா என்பதே பெரிய கேள்வி. திட்ட விலக்கத்துக்கு அடுத்து 'கோரிலேஷன்' பாடம் ஏன் வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

வீட்டுக்குள் வரும் கணக்கு

கடைசியாக, பரீட்சை எழுதாத நமக்கும் ஒரு கணக்கு. ஒரு லட்சம் கடன், வட்டி வெறும் 12 சதவீதம், 12 மாதத் தவணை என்று சொல்கிறார்கள். 'ஃப்ளாட்' வட்டி முறையில் 12,000 வட்டியைச் சேர்த்து 1,12,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 9,333 கட்டச் சொல்வார்கள். நியாயம்தானே என்று தோணும். ஆனால் மாதாமாதம் அசலையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டே வருகிறோம். வட்டியோ கடைசிவரை முழு லட்சத்துக்கும் போகிறது. ஆரியபடர் தேடிய அதே ஒளிந்த விகிதத்தை இங்கே தேடினால் மாதம் சுமார் 1.79 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம் என்று வருகிறது. பைசா நகரத்துப் படைவீரன் ஏமாந்த அதே இடம்: தொகையைப் பார்த்தான், காலத்தைப் பார்க்கவில்லை. 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன்களுக்கு எல்லாக் கட்டணமும் அடங்கிய ஆண்டு விகிதத்தை ஒரு முக்கியத் தகவல் அறிக்கையில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஏற்பாடு செய்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

ஆகவே, பிள்ளை கணக்குப் புத்தகத்தோடு உட்காரும்போது சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கில் பணம் எப்போது வருகிறது, எவ்வளவு நிச்சயம், நஷ்டம் யார் தலையில் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, சூத்திரத்தை மறந்தாலும் மறுபடி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நாளைக்கு வீட்டுக்கடன், காப்பீடு, பங்கு, சீட்டு என்று எதை எடுத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும், அந்தப் பிள்ளையை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.